பந்தய வண்டியில் பள்ளிக்கூடத்துக்கு

1974 ஜூனில் என் மனைவிக்கு மாமல்லபுரத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. செங்கல்பட்டிலிருந்து போகும் காலைப் பேருந்து, பள்ளி மணி அடித்த பிறகுதான் அங்கே சேரும். என்னிடம் இருந்ததோ சேற்றுப் பந்தயத்துக்காக உயரம் கூட்டிய மோட்டார் சைக்கிள். பட்டறைக்குக் கொண்டுபோய் அதற்குத் தார்ச்சாலை டயர்களை மாட்டினேன்.

மெக்கானிக் சிரித்தார். "அண்ணாத்த, இதுல அண்ணி ஏறணும்னா ஏணி வேணும்."

உண்மைதான். புடவையோடு ஒருபக்கமாக உட்கார்பவருக்கு அந்த இருக்கை மிக உயரம்.

"அப்போ ஏணியே வெச்சுக் குடுங்க," என்றாள் கூட வந்திருந்த மனைவி. மெக்கானிக் வண்டியின் இடப்பக்கத்தில் இரும்புப் படி ஒன்றைப் பற்றவைத்தார்.

திங்கட்கிழமை திருக்கழுக்குன்றம் தாண்டியதும் சாலை முழுக்கக் குழிகள். பந்தயத்துக்காகப் போட்டிருந்த நீளமான ஸ்பிரிங்குகள் அத்தனை குலுக்கலையும் வாங்கிக்கொண்டன. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே பள்ளி வாசலில் இறங்கினாள்.

"சாயங்காலம் நாலு மணிக்கு வந்துடுங்க," என்றாள். "இதே வண்டியில."