முப்பத்தொன்பதாவது வசவு

சீனாவில், ஹுனானின் மேற்கு மலையூர்களில் கல்யாணத் தரகு என்றால் பெங் யூஹுவாதான். முப்பத்தெட்டுப் பெண்களுக்கு வரன் முடித்தவள். முப்பத்தெட்டுப் பேரிடமும் வசவு வாங்கியவள். மணப்பெண் பிறந்த வீட்டை விட்டுப் புறப்படுமுன் அழுது பாட வேண்டும். அந்தப் பாட்டிலேயே தரகியைக் கிழிகிழியென்று கிழிக்கவும் வேண்டும். அப்போதுதான் போகிற இடத்தில் நன்றாக வாழ்வாளாம். திட்டு வாங்காத தரகியை அப்புறம் எந்த வீட்டிலும் வாசற்படி ஏற்ற மாட்டார்கள்.

முப்பத்தொன்பதாவது பெண் தியான் சூயிங் காரியத்தையே கெடுத்தாள். தகப்பன் இல்லாத வீடு, தாயும் மகளும் மட்டும்தான். மாப்பிள்ளையை அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. ஊர்ப் பெண்கள் அழுவதற்குத் தயாராகக் கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்க, அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"ரொம்ப நன்றி அத்தே! நல்ல இடமாப் பாத்துக் குடுத்தீங்க."

யூஹுவாவின் முகம் தொங்கிப்போனது.

"அடிப்பாவி, எம்பொழப்புல மண்ணப் போடுறியே! ஒரு வார்த்தை திட்டுடி!"

"வரலையே அத்தே. சிரிப்புத்தான் வருது."

தாய்க்காரி தொடையில் கிள்ளிப் பார்த்தாள். சூயிங்குக்குக் கூச்சம் வந்து இன்னும் சிரித்தாள். பல்லக்கோ வாசலுக்கு வந்துவிட்டது.

யூஹுவா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாள். "சிரி, நல்லா சிரி. நாளைக்குச் சாயங்காலம் உங்கம்மா பழக்கதோஷத்துல ரெண்டு கிண்ணம் எடுத்து வைப்பா. உங்கிண்ணத்தைத் திருப்பி உள்ள வைக்கிறது யாருடி?"

சூயிங் அம்மாவைப் பார்த்தாள். அம்மா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான்.

"நாக்கு நீண்ட நரியே! ஒரு பன்னிக்காலுக்கு ஆசைப்பட்டு எங்கம்மாவ ஒத்தையாக்கிட்டியே! அந்தக் கிண்ணத்துல நீயே வந்து தின்னு! தெனந்தெனம் வந்து தின்னு!"

ராகம் போட்டு அவள் அழுத அழுகையில் கூடமே தேம்பியது. யூஹுவா பூரித்துப்போனாள். இத்தனை வருஷத்தில் இப்படியொரு வசவு அவளுக்கு வாய்த்ததில்லை. தரகிக்குரிய பன்றிக்காலைத் தோளில் போட்டுக்கொண்டு, வழியில் கண்டவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தபடி வீடு போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் சாயங்காலம் சூயிங்கின் அம்மா இரண்டு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டு, அப்படியே நின்றாள். வாசலில் யாரோ செருமினார்கள். பாதிப் பன்றிக்காலோடு யூஹுவா.

"என்னக்கா, இந்நேரத்துல?"

"உம்மக சாபம் விட்டாளே, பலிக்க வேணாமா? சோத்தப் போடு."