பதினாறு நாள் நகம்

எங்கள் பங்காளிகளின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை என் தகப்பனார் குறித்துவைத்த நோட்டு இருபத்திரண்டு ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. அதில் ஒருவருக்கு மூன்று வரிக்கு மேல் எழுதும் வழக்கமில்லை. நைனார்பாளையம் தீனதயாளன் அண்ணனின் மூத்த மகள் ஜெயசுதாவைப் பற்றி அந்த மூன்று வரிக்குள் அடங்காததை இங்கே எழுதுகிறேன்.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. செவிலியர் படிப்பு முடித்ததும் வெள்ளிமலையில் ஒரு சிறு மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள், பிறகு கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பதில் பாதிக்கு மேல் இரவுப் பணி. காலையில் வீடு திரும்பியதும் மரவள்ளிக் கொல்லையில் வேலை செய்பவர்களுக்குச் சோறு கொண்டுபோவாள். மத்தியானம் கண்ணை மூடினால், பிரஷர் பார்க்கச் சொல்லி யாராவது வாசலில் வந்து நிற்பார்கள்.

திங்கட்கிழமைதோறும் மேட்ரன் எல்லாச் செவிலியர்களின் கைகளையும் திருப்பிப் பார்ப்பார். விரல் நுனியைத் தாண்டி நகம் தெரியக் கூடாது. வெள்ளிமலையிலும் இதே விதிதான். ஆகவே பதினோரு ஆண்டுகளாக ஜெயசுதாவின் நகம் வளர்ந்ததே இல்லை.

ஆவணியில் அவளுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை அன்புச்செல்வன் சின்னசேலத்தில் உரக்கடை வைத்திருப்பவர். விழாவுக்கு முதல் நாள், கள்ளக்குறிச்சியில் அழகு நிலையம் நடத்தும் அவளுடைய பள்ளித் தோழி ராதிகா, பத்து விரல்களிலும் நீளமான, முனை கூரான செயற்கை நகங்களைப் பொருத்திவிட்டாள். நாவற்பழ நிறம். ஜெயசுதாவே ஆசைப்பட்டுக் கேட்டதுதான். நான்கு நாள் விடுப்பு இருந்தது. ஞாயிறு மாலை கழற்றிவிட்டு, திங்கள் காலை வார்டு இன்சார்ஜாகப் பொறுப்பேற்க வேண்டும். இன்சார்ஜுக்கு இரவுப் பணி கிடையாது. ஒன்பது ஆண்டுகள் அவள் காத்திருந்தது அதற்காகத்தான்.

நிச்சயதார்த்தத்துக்கு நூற்றைம்பது பேர் வந்திருந்தார்கள். நூற்றைம்பது பேருக்கும் அந்த நகங்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது.

"இன்னாடி இது, கழுகு காலு மாதிரி? இத வச்சிக்கினு சோறு எப்படி பெசைவ?" என்றார் தீனதயாளன் அண்ணனின் அக்கா குஞ்சம்மாள்.

"ஸ்பூன் இருக்குது அத்த."

"கொழந்த பொறந்தா அதையும் ஸ்பூன்லதான் தூக்குவியா?"

மாப்பிள்ளையின் தாயார் லட்சுமியம்மாள் சிரித்துக்கொண்டே, "எங்க வூட்ல கிரைண்டர் இருக்குதுங்க, மாவுக்கு கை தேவையில்ல" என்றார். அது தாராளமா, குத்தலா என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் பந்தி முடியும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். "மோதிரம் போடறப்ப எனக்கே பயமாதான் இருந்திச்சி" என்றார் அன்புச்செல்வன். சிறுமிகள் அந்தக் கையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். என்னையும் கேட்டார்கள். கூர்மையாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு விடியற்காலை களமருதூரில் சின்னக்கண்ணு பெரியப்பா இறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. வயது எண்பத்து நான்கு.

பங்காளி இறந்தால், பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை தலைமுடியும் நகமும் வெட்டுவதில்லை என்பது எங்கள் வழக்கம். முன்பு இரண்டு சாவுகளின்போது ஜெயசுதா மருத்துவமனையிலேயே சத்தமில்லாமல் வெட்டிக்கொண்டாளாம். குட்டை நகம் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது இருப்பதோ ஊரே பார்த்த நகம்.

அடக்கம் முடிந்து வேனில் ஏறும் நேரத்தில் பேச்சு எழுந்தது. ஜெயசுதா கைப்பேசியில் ராதிகாவைப் பேசவைத்தாள்.

"வெட்டவே வேணாம் ஆன்ட்டி. மருந்துல ஊற வச்சா தன்னால வந்துடும்."

"தன்னால வந்தா இன்னா, வெட்டிக்கினு வந்தா இன்னா?" என்றார் குஞ்சம்மாள். "பரிசம் போட்டு மூணு நாளு ஆவல. தீட்டுல கை வச்சாளேன்னு மாப்ள வூட்ல ஒரு வார்த்த சொல்லிட்டா, நீ வந்து பதில் சொல்லுவியா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி கண்ணகி மகளைப் பார்த்தார். ஜெயசுதா என்னிடம் வந்தாள்.

"சித்தப்பா, செத்தவரு நமக்கு கிட்டத்து பங்காளிதானா? ஒங்க நோட்டுல இன்னா இருக்குது?"

ஏழு தலைமுறைக்கு அப்பால் போனால் தீட்டு இல்லை. நோட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. "அஞ்சாவது தலைமுறைம்மா" என்றேன். மூன்று கூட்டிச் சொல்லியிருந்தால் எவரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். இதை நான் வேன் கிளம்பிய பிறகுதான் நினைத்துப் பார்த்தேன் என்று எழுதினால் அது பொய். சொல்வதற்கு முன்பே நினைத்தேன்.

"செரி சித்தப்பா" என்றாள்.

வேனுக்குள்ளிருந்தே மேட்ரனை அழைத்தாள். எதிர்முனைக் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "பதினாறு நாளெல்லாம் காலியா வச்சிருக்க முடியாதும்மா. தனுஷாவ போடறேன்." தனுஷா அவளுக்கு நான்கு ஆண்டுகள் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள்.

"நீ போயி கழட்டிடும்மா, இவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்று தாழ்ந்த குரலில் சொன்னேன்.

"சண்ட போட தெம்பு இல்ல சித்தப்பா. இந்த லீவுக்காக பதினோரு நைட்டு சேந்தாப்புல பாத்திருக்கேன்."

ஒன்பதாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். காலை பத்து மணி. ஜெயசுதா அப்போதுதான் எழுந்திருந்தாள். அந்த நகங்களுடன் அவளால் பாத்திரம் துலக்க முடியவில்லை, துணி பிழிய முடியவில்லை, ரவிக்கை ஊக்குகூட மாட்ட முடியவில்லை. கொல்லைக்கு அண்ணி சோறு கொண்டுபோயிருந்தார். பிரஷர் பார்க்க வந்த ஒருவருக்கு அவள் பத்து விரல்களையும் விரித்துக் காட்ட, அவர் திரும்பிப் போய்விட்டார். முகத்தில் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை சற்றுக் குறைந்திருந்தது.

"எதுக்குதான் இத வச்சிக்கிறாங்கன்னு இப்பதான் புரியுது" என்றாள். "ஒரு வேலையும் சொல்ல மாட்டன்றாங்க." சிரித்தாள். அந்த நகங்களைப் பற்றி நான் கேட்ட அபிப்பிராயங்களில், அவற்றை அணிந்திருந்தவள் சொன்னது அது ஒன்றுதான். அதுவரை நாங்கள் யாரும் அவளைக் கேட்கவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் ராதிகா அவற்றைக் கழற்றினாள். அடியில் இருந்த சொந்த நகங்கள் காகிதம்போல் மெலிந்து, தொட்டாலே வலித்தனவாம். அன்று மாலையே இரவுப் பணி. பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். பணிப் பட்டியலைத் தனுஷா வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். கீழே 'சாரிக்கா' என்றும் எழுதியிருந்தாள்.

"பொங்கலுக்கு முன்னாடி மேல்மாடி வார்டு தொறக்கறாங்க, சித்தப்பா. அதுக்கும் ஒரு இன்சார்ஜ் போடுவாங்களாம். மேட்ரன் என் பேரைத்தான் சொல்லியிருக்காங்க." கள்ளக்குறிச்சிப் பேருந்து வளைவில் திரும்பியது. "ஏழு தலமொறைக்குள்ள, எம்பது தாண்டினவங்க இன்னும் எத்தினி பேரு இருக்காங்க?"

மனத்துக்குள் எண்ணினேன். இந்த முறையும் சரியாகத்தான் சொன்னேன். "பதினோரு பேரு."

"எல்லாரும் நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கம்பியை உள்ளங்கையால் மட்டும் பிடித்துப் பேருந்தில் ஏறினாள்.