மாமரக் கிளையில் கசிந்த வெளிச்சம்

இணையக் கேபிள் அறுந்தால் அறுந்த இடத்தைத் தேடிப் போவது என் வேலை. வேலையில் சேர்ந்த புதிதில், இணுவிலில் ஓர் ஒழுங்கையில், அந்தக் குறுகிய தெரு முழுவதற்கும் காலையிலிருந்து இணைப்பு இல்லை என்று தகவல் வந்தது.

கொக்குவிலில் இருந்த எங்கள் சிறிய நிலையத்தில், என்னோடு வேலை செய்த அண்ணை கேபிளுக்குள் இருக்கும் கண்ணாடி இழையின் நுனியில் சோதனைக் கருவியைப் பொருத்தினார். கருவி இழைக்குள் ஒளியை அனுப்பும். அறுந்த இடத்தில் பட்டு அதில் கொஞ்சம் திரும்பி வரும். போய்வர எடுத்த நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைச் சொல்லிவிடும். திரையில் மெல்லச் சரிந்து வந்த கோடு ஓரிடத்தில் செங்குத்தாக விழுந்தது. மூன்று கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. தலைமயிர் அளவு கண்ணாடிக்குள், நான் கண்ணை மூடித் திறப்பதற்குள், ஒளி இணுவிலுக்குப் போய்த் திரும்பியிருந்தது. வகுப்பில் படித்த விஷயம்தான். ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அண்ணையை நிலையத்தில் விட்டுவிட்டு எங்கள் வான் வண்டியில் போனேன். கருவி சொன்ன தூரத்தில் ஒரு வாழைத்தோட்டம். மேலே கேபிள் பழுதில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கம்பங்களில் உபரிக் கேபிளைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். ஆகவே கேபிளின் நீளம் வீதியின் நீளத்தைவிடக் கூடுதல். அது நினைவுக்கு வந்ததும் வந்த வழியே திரும்பி, ஒவ்வொரு கம்பமாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

ஒரு வீட்டு மதிலுக்கு மேலால் மாமரக் கிளைகள் கேபிளை மூடியிருந்தன. வாசல் படலையைத் தட்டினேன். ஒரு அம்மா ஓடிவந்தார்.

"இன்ரநெற் பாக்க வந்தனீரோ பிள்ளை? மகளுக்குக் கனடாவிலை குழந்தை பிறந்திருக்கு. முகத்தைக் காட்டேக்கை படம் அப்பிடியே நிண்டுபோச்சு."

"பாக்கிறன் அம்மா. ஏணி வைக்க விடுவியளோ?"

"ஓம், வாரும், வாரும்."

வானைக் கொண்டுவந்து, ஏணியை வைத்து ஏறி, கிளைகளுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அண்ணைக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, இழைக்குள்ளாலை சிவப்பு வெளிச்சத்தை விடுங்கோ."

"விட்டிட்டன். தெரியுதோ?"

இலைகளின் இருட்டுக்குள், அணில் கடித்த கறுப்புத் தோலின் ஓட்டையில், குன்றிமணி அளவில் ஒரு சிவப்பு எரிந்தது. கொக்குவிலில் அவர் ஏற்றிய வெளிச்சம். விரலை அதன் முன்னால் பிடித்தேன். விரல் நுனி சிவந்தது.

"பிள்ளை, போனிலை நிக்கிறீரோ?"

"ஓம் அண்ணை. கண்டிட்டன்."

பழுதான துண்டை வெட்டியெடுத்து, உபரிக் கேபிளை இழுத்து, வானுக்குள் இருந்தபடி இழைகளை ஒட்டினேன். ஒட்டும் கருவியின் திரையில் இரண்டு நுனிகள் நெருங்கின. ஒரு மின்பொறி, இரண்டும் ஒன்றாயின. மூட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. அண்ணை மறுபடி சோதித்தார். "கோடு இப்ப விழாமல் போகுது."

வீட்டுக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டார். போன் திரையில் கண்களை இறுக மூடிய ஒரு சிவந்த முகம். அது ஒருமுறை கொட்டாவி விட்டது. அம்மா அழுதுகொண்டே சிரித்தார். அந்த முகம் நான் சற்றுமுன் ஒட்டிய இழைக்குள்ளால்தான் வந்துகொண்டிருந்தது.

வெளியே வந்தபோது அம்மா வெட்டிய துண்டைக் கேட்டு வாங்கி, வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"உதுக்குள்ளாலையோ அவ்வளவும் வருது?"

"ஓம் அம்மா," என்றேன்.