போக ஒன்று, வர இரண்டு

சண்டை முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கியதும், என் கணவரை அழைத்து வர வியட்நாம் போனேன். துரான் துறைமுகத்தில் துணிக்கடை வைக்கப் போனவர், “அடுத்த தைக்கு வருகிறேன்” என்று எழுதிக்கொண்டே இருந்தார். தை வந்தது, அவர் வரவில்லை. மாம்பலத்தில் ஊர் வாய்க்குப் பதில் சொல்லி மாளவில்லை. வளையலை விற்று டிக்கெட் வாங்கினேன். போக ஒன்று, வர இரண்டு.

சென்னைத் துறைமுகத்தில் பெட்டி தூக்கியவர், “இன்னாம்மா, அம்மாந்தூரம் ஒண்டியாவா போறே?” என்றார். வரும்போது இரண்டு பேர் என்று வீறாப்பாகச் சொன்னேன்.

சிங்கப்பூரிலும் சைகோனிலும் கப்பல் மாற வேண்டும். கடைசிக் கப்பலில் எதைத் தொட்டாலும் மீன் சாறு. ஊறுகாய் கொண்டுபோங்கள். ஆனால் என் ஆவக்காய் ஜாடிக்குள் சுங்கக்காரன் குச்சியை விட்டுக் கிளறினான். அவனுக்குத் தமிழ் தெரியாதது அவன் அதிர்ஷ்டம். சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு முதலிலேயே கூலி பேசிவிடுங்கள்; நடக்கிற தூரத்துக்கு என்னை ஊர் சுற்றிக் காட்டினார்கள். ஆற்றோரம் அழகுதான். பார்க்கிற மனம் எனக்கில்லை.

கடைக்கு மேலே வீடு. கதவைத் திறந்தவள் அந்த ஊர்ப் பெண். என் புடவையைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “வாங்கோ அக்கா. அவர் ஆத்துல இல்லை, உக்காருங்கோ” என்றாள். எங்கள் வீட்டுத் தமிழ், என் மாமியாரின் அதே இழுப்பு. எனக்கு உள்ளங்காலிலிருந்து எரிந்தது.

அவள் பேசப் பேசத்தான் புரிந்தது. மாதாமாதம் அவர் பணம் அனுப்புவது விதவை அக்காவுக்காம். அந்த அக்கா நான். நெற்றி நிறையக் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தேன். அதன் அர்த்தம் அவளுக்குத் தெரியவில்லை.

எனக்காக மீன் இல்லாமல் சமைத்து, மூன்று கிண்ணங்கள் வைத்தாள். அப்போது அவர் வந்தார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“எப்ப வந்தே, அக்கா?” என்றார்.

அறைந்திருப்பேன். அவள் பக்கம் திரும்பி, “நான் இவருக்கு அக்கா இல்லைம்மா. ஆத்துக்காரி” என்றேன்.

அந்தச் சொல்லும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளையே அப்படித்தான் கூப்பிட்டிருப்பார், பாவி. ஒரு கிண்ணத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள். அவர் நிற்க, நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். ஆவக்காய் தின்று அவள் கண் கலங்கியது. காரம்தான் என்று வைத்துக்கொண்டோம். ஜாடியை அவளிடமே விட்டுவிட்டேன்.

மறுநாள் கப்பல்துறைவரை ஓடிவந்து, என்னோடு வந்துவிடுவதாகச் சொன்னார். அவர் கண்ணெதிரே அந்த டிக்கெட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள், அங்கும் அடைமழை. பெண்கள் தனியாகப் போகலாம், ஒரு பயமும் இல்லை. வர இரண்டு என்று மட்டும் டிக்கெட் வாங்காதீர்கள். மிஞ்சியதைக் கப்பல்காரர்கள் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன்.