கத்தரிப்பூ நிறப் பட்டு

"நம்ம ரஞ்சனிக்கு எதைக் கட்டுனாலும் எடுப்பா இருக்குதல்ல?" என்று பொன்னுவேல் சொல்லிப் பதினோரு வருடம் ஆகிறது. சொன்னவன் அன்றைக்கே மறந்துவிட்டான். தம்பி வெங்கடேஷுக்குக் கல்யாணமாகி மூன்றாம் நாள், வாசலில் நின்று பல் துலக்கியபடி வாய் நிறைய நுரையோடு சொன்ன பேச்சு அது. போய் விழுந்த இடம்தான் சரியில்லை. அவன் மனைவி தேவகுமாரியின் காதில் விழுந்தது. அந்தக் காதுக்குள் போனது எதுவும் திரும்பி வந்ததாக வெள்ளக்கடை ஊரில் யாருக்கும் நினைவில்லை.

தேவகுமாரி கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இனி வரப்போவதைக் கேட்டால் அப்படித் தோன்றக்கூடும். ஊரில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் முதல் ஆளாகக் கஞ்சி கொண்டுபோவது அவள்தான். காலையில் ஆட்டைப் பார்த்து, அடுப்பைப் பார்த்து, பஸ் பிடித்து ஏற்காட்டுக்குப் போய், ஏரிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் பதினான்கு வருடமாக ரூம் துடைக்கிறாள். ஒரு சுருக்கம் இல்லாமல் பெட்ஷீட் விரிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எல்லா நல்ல குணமும் இருந்தது. வெங்கடேஷின் மனைவி, அவள் ஓரகத்தி சிவரஞ்சனி மட்டும் கண்ணில் படாமல் இருந்தால் போதும்.

அந்த ஓரகத்தியை அதே ஹோட்டலில் சேர்த்துவிட்டதும் தேவகுமாரிதான். "நம்ம ஊட்டுப் புள்ளைங்க, நல்லா வேலை செய்யும்" என்று மேனேஜரிடம் சிபாரிசு செய்து, துடைப்பத்தையும் பக்கெட்டையும் கையில் கொடுத்துப் பழக்கினாள். ஆறே மாதத்தில் சிவரஞ்சனியை ரிசப்ஷனில் நிறுத்திவிட்டார்கள். "அந்தப் பொண்ணு உடுத்தறது பாந்தமா இருக்கும்மா. வர்றவங்க மொதல்ல பாக்கற முகமாச்சே" என்றார் மேனேஜர். அன்று தேவகுமாரி மூன்றாவது மாடி பாத்ரூமைத் தேய்த்த தேய்ப்பில் டைல்ஸின் பூவே அழிந்திருக்க வேண்டும்.

அதிலும் அவளால் தாங்க முடியாதது ஒன்று உண்டு. தேவகுமாரி வருடத்துக்கு இரண்டு தடவை சேலத்துக்கு இறங்கி, பெரிய ஜவுளிக்கடையில் ஏசியில் உட்கார்ந்து, புதுப் புடவையாகப் பார்த்து எடுத்து வருவாள். கட்டிக்கொண்டு நடந்தால் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. சிவரஞ்சனியோ இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்குப் போய், தெருவில் குவித்துப் போட்டிருக்கும் பழைய துணியைக் கிளறி, யாரோ கட்டி அவிழ்த்ததை இருநூறுக்கும் முந்நூறுக்கும் வாங்கி வருவாள். துவைத்து இஸ்திரி போட்டு அதைக் கட்டிக்கொண்டு நின்றால், சென்னையிலிருந்து கார் போட்டு வந்த அம்மாள், "இந்த டிசைன் எல்லாம் இப்ப எங்கயும் கிடைக்கிறதே இல்லையே, எங்க வாங்கினீங்க?" என்று பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறாள்.

"அடுத்தவங்க கட்டிக் கழிச்சதப் போயி..." என்று தேவகுமாரி ஊர் முழுக்க முகம் சுளித்துப் பார்த்தாள். அதிலும் பலனில்லை. அவள் சுளிப்பை முழுசாகக் கேட்டு முடித்த பக்கத்து வீட்டுப் பார்வதி, நேராகப் போய், "ரஞ்சனி, அடுத்தவாட்டி எனக்கொண்ணு எடுத்துட்டு வா கண்ணு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

இப்படி இருக்கையில்தான் தேவகுமாரியின் மகள் சக்திக்குக் குப்பனூரிலிருந்து மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன், சொந்தமாக வேன் வைத்திருக்கிறான். சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த அடுத்த வாரம் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. வீடே சந்தோஷத்தில் இருந்தது. தேவகுமாரிக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள் ஒரு முள். குப்பனூர் சனம் வேனிலிருந்து இறங்கும். சபையைச் சுற்றிப் பார்க்கும். "அந்தப் பொடவைக்காரங்கதான் பொண்ணோட அம்மாவா?" என்று கேட்கும். "இல்லீங்க, அது சித்தி" என்று யாராவது சொல்வார்கள். இந்த இரண்டு வரியும் அவளுக்கு ரூம் துடைக்கும்போதும் கேட்டன, மாவாட்டும்போதும் கேட்டன. வாழ்க்கையில் அந்த ஒரு நாளாவது எல்லோர் கண்ணும் தன்மேல் இருக்க வேண்டும். பெற்றவள் இதைக்கூடக் கேட்கக்கூடாதா?

சேலத்தில் மூன்று கடை ஏறி இறங்கினாள். எடுத்துப் போட்ட ஒவ்வொரு புடவைக்கும் பக்கத்தில் மனசுக்குள் சிவரஞ்சனியை நிறுத்திப் பார்த்தாள். எதுவும் தேறவில்லை. கடைசியில் மானத்தை விழுங்கிக்கொண்டு, கொடியில் துணி காயப்போடும் சாக்கில் கேட்டாள்.

"ரஞ்சனி, பெங்களூருக்குப் போறப்ப நானும் ஒருக்கா வரட்டுமா?"

"அட, வாங்கக்கா! எத்தனை நாளா கூப்படோணும்னு இருந்தேன் தெரியுமுங்களா? நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் விட்டுட்டேன்."

இந்தப் பெருந்தன்மை வேறு. தேவகுமாரிக்கு அதுவும் குத்தியது.

முதல் பஸ்ஸில் மலையிறங்கி, சேலத்தில் மாறி, பதினொரு மணிக்குப் பெங்களூரில் இறங்கினார்கள். மார்க்கெட்டை ஒட்டிய தெருவில் கால் வைக்க இடமில்லை. தார்ப்பாய் விரித்து ஆளுயரத்துக்குத் துணி. கோட்டு ஒரு குவியல், ஜீன்ஸ் ஒரு குவியல், குழந்தைகளின் கவுன் ஒரு குவியல், புடவை தனியாக நாலைந்து குவியல். வியாபாரிகள் குவியலின்மேலேயே ஏறி நின்று கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் விலை கூவினார்கள். கல்லூரிப் பெண்கள், காரில் வந்த அம்மாள்கள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

"புடிச்சதைத் தோள்ல போட்டுக்கோங்கக்கா" என்றாள் சிவரஞ்சனி. "தோள்ல இருக்கற வரைக்கும் உங்களுது, யாரும் தொட மாட்டாங்க. திரும்பக் குவியல்ல போட்டுட்டீங்கன்னா யாரு வேணா எடுத்துக்கலாம். யாரும் சண்டைக்கு வர முடியாதுங்க."

தேவகுமாரிக்குத் துணி பார்க்கத் தெரிந்தது ஒரே வழி, மூக்கு. மலையில் ஆடி பிறந்தால் கார்த்திகை வரை மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பெட்டிக்குள் வைத்த துணியில் பூஞ்சணம் பூத்துவிடும். அங்கே துணிக்கு எதிரி ஈரம் ஒன்றுதான். அதனால் எந்தத் துணியானாலும் மலைக்காரிகள் முதலில் மோந்து பார்ப்பார்கள். முக்கல் வாடை அடித்தால் வேண்டாம். அந்துருண்டை வாசம் வந்தால் வசதியான வீட்டில் பத்திரமாக இருந்த துணி, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

சிவரஞ்சனியும் மோந்து பார்த்தாள். ஆனால் அதோடு விடவில்லை. உள்பக்கம் திருப்பினாள், வெயிலுக்கு நேராகப் பிடித்தாள், விரலால் நீவினாள், இழுத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் இரண்டு வருடம் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பகுதியில் நின்றவள். 'பெரிய மேதாவி' என்று நினைத்துக்கொண்டாள் தேவகுமாரி.

இரண்டு மணி நேரம் ஆனது. தேவகுமாரியின் தோளில் வெளுத்த சுங்குடி ஒன்று கிடந்தது. சிவரஞ்சனியின் தோளில் நான்கு, நான்கும் கண்ணைப் பறித்தன. அதே குவியல், அதே இரண்டு கை. இவளுக்கு மட்டும் எப்படி?

அப்போதுதான் சிவரஞ்சனி அடியிலிருந்து அதை உருவினாள். கத்தரிப்பூ நிறப் பட்டு. சாண் அகலத்துக்குக் கடுகு மஞ்சள் கரை, கரை நெடுக அசல் சரிகையில் அன்னம். தேவகுமாரி துழாவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டு அதையே பார்த்தாள். சிவரஞ்சனி ஒரு மடிப்பைப் பிரித்து, இரண்டு கட்டை விரலையும் அதன்மேல் வைத்து லேசாக இழுத்தாள். தலையைத் தூக்கித் தேவகுமாரியை ஒருமுறை பார்த்தாள். பிறகு புடவையைத் தொப்பென்று குவியலில் போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தாள்.

போடுகிறாளாமே! இப்படி ஒன்றை யாராவது போடுவார்களா? தேவகுமாரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்து நடிக்கிறாள். நான் அந்தப் பக்கம் போனதும் திரும்பி வந்து எடுப்பாள். நிச்சயத்தன்று என் வாசலில், என் மகள் பக்கத்தில், இதையே கட்டிக்கொண்டு நிற்பாள். விடுவேனா?

பாய்ந்து எடுத்தாள். மோந்து பார்த்தாள். சுத்தமான அந்துருண்டை வாசம், பூஞ்சணத்தின் சுவடே இல்லை. வியாபாரி சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தாள். அந்தத் தெருவில் அப்படி யாரும் செய்வதில்லை போலும், அவனே ஒரு கணம் திகைத்துப் போனான். புடவையைப் பையின் அடியில் வைத்து, மேலே சாப்பாட்டு டப்பாவையும் சுங்குடியையும் வைத்து மூடினாள்.

திரும்பும் பஸ்ஸில் மழை. சன்னலையெல்லாம் இறக்கிவிட்டார்கள். சிவரஞ்சனி தன் நான்கு புடவையையும் மடியில் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"நீங்க என்னக்கா எடுத்தீங்க?"

"எனக்கெதுவும் புடிக்கல. இந்தச் சுங்குடி ஒண்ணுதான்."

சிவரஞ்சனி ஏதோ சொல்ல வருவதுபோல் வாயைத் திறந்தாள். அப்புறம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்து வாரம் அந்தப் புடவை தேவகுமாரியின் பெட்டியில் இருந்தது. ஆளில்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பாள், கன்னத்தில் வைத்துக்கொள்வாள், மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்துவிடுவாள். ஒரு முறையாவது பிரித்துப் பார்த்திருக்கலாம்.

நிச்சயத்தன்று காலையில் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினாள். கொசுவம் வைக்கும்போது இடுப்பில் 'சர்' என்று சின்னதாக ஒரு சத்தம். பட்டென்றால் சத்தம் வராமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் பொன்னுவேல் கையில் இருந்த பூச்சரத்தோடு அப்படியே நின்றான். "அடேங்கப்பா! எங்க எடுத்த இதை? நொம்ப நல்லா இருக்குது" என்றான். பதினோரு வருடம் கழித்து! இந்த முறை வாயில் நுரைகூட இல்லை. வேனிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா ஞானசுந்தரி நேராக வந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்து, "இந்தக் காலத்து நெசவே இல்லைங்க இது. எங்க சம்பந்திக்கு என்ன ஒரு ரசனை!" என்றாள். பெண்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அத்தனை கண்ணும் தேவகுமாரிமேல்.

கூட்டத்துக்கு அப்பால் இலைப்பச்சைப் பட்டில் சிவரஞ்சனி நின்றிருந்தாள். அவளை யாரும் பார்க்கவில்லை. அவள் மட்டும் வைத்த கண் வாங்காமல் தேவகுமாரியின் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'எரியட்டும், நல்லா எரியட்டும்' என்று தேவகுமாரி மனம் குளிர்ந்தாள். இவ்வளவு இன்பம் அவள் தன் கல்யாணத்தன்றுகூட அனுபவித்ததில்லை.

தட்டு மாற்ற அழைத்தார்கள். நல்ல நேரம் முடிய இருபது நிமிடம்தான் இருந்தது. பாயில் உட்காரக் குனிந்தாள். பின்பக்கம் இடுப்புக்குக் கீழே மடிப்பு வாக்கில் ஒரு முழ நீளத்துக்குப் பட்டு கிழிந்துபோனது. இந்தத் தடவை சத்தத்தில் சந்தேகமே இல்லை. கையைப் பின்னால் கொண்டுபோனாள். விரல் பாவாடையைத் தொட்டது.

அதற்குள் முதுகில் ஒரு கை வந்து படிந்தது.

"அசையாதீங்கக்கா" என்று காதருகில் சொன்னாள் சிவரஞ்சனி. "நான் பின்னாடியே இருக்கறேன். நீங்க தட்டை வாங்குங்க."

அதன் பிறகு இரண்டு பேரும் ஒரே ஆளாகத்தான் நடமாடினார்கள். தேவகுமாரி எழுந்தால் சிவரஞ்சனி ஒட்டிக்கொண்டு எழுந்தாள். தேவகுமாரி சம்பந்தியிடம் போனால் பின்னாலேயே போனாள். போட்டோவுக்கு நின்றபோதும் அவள் முதுகோடு ஒட்டி நின்றாள், போட்டோக்காரன் விலகச் சொல்லியும் விலகவில்லை. ஒவ்வொரு அசைவுக்கும் ஒவ்வொரு மடிப்பாகக் கிழிந்துகொண்டே வந்தது. "ஓரகத்தின்னா இப்படியல்லோ இருக்கோணும்! ஒருத்திய உட்டு ஒருத்தி பிரியறாங்களா பாரு" என்று ஞானசுந்தரி தன் தங்கையிடம் மெச்சிக்கொண்டாள்.

எல்லோரும் பந்திக்குப் போனதும் உள்ளறைக்கு நழுவி வந்து தாழ் போட்டார்கள். தேவகுமாரி புடவையை உருவினாள். அது கையோடு ஏழெட்டுத் துண்டாக வந்தது. சரிகைக் கரை மட்டும் முழுசாக இருந்தது.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"கடையில இழுத்துப் பாத்தப்பவே தெரியுமுங்க. மடிச்சது மடிச்சபடி வருசக்கணக்கா பீரோவுல இருந்த பட்டு. மேலுக்கு நல்லா இருக்கும், மடிப்புல நூலு செத்துப்போயிருக்கும். அதனாலதான் போட்டுட்டேன்."

"நான் எடுத்தது?"

"பஸ்ஸு பூராவும் அந்துருண்டை வாசமுங்க்கா."

தேவகுமாரி வெளுத்த சுங்குடியை எடுத்துச் சுற்றிக்கொண்டாள். "தெரிஞ்சும் ஒரு வார்த்தை சொல்லலியே நீ?"

"சொல்லியிருந்தா என்ன நெனைச்சிருப்பீங்க? வயித்தெரிச்சல்ல சொல்றான்னுதானுங்களே."

தேவகுமாரி அப்படியேதான் நினைத்திருப்பாள்.

சிவரஞ்சனி கீழே கிடந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள். "அது பாதிதானுங்க்கா. மீதிப் பாதி... கிழியட்டும்னும் இருந்துச்சு. உண்மையைச் சொல்லிடறேன். கிழிஞ்சப்புறம்தான் மனசு கேக்கல."

"ஏன்? நான் உனக்கென்ன பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலீங்க. நான் எதைக் கட்டிக்கிட்டு நின்னாலும் தட்டு உங்க கைக்குத்தான் வருது. ஆடு விக்கறதுன்னாலும் தேவாவைக் கேளு, பொண்ணு குடுக்கறதுன்னாலும் தேவாவைக் கேளு. எங்க ஊட்டுக்காரரே எங்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்டதான் வந்து நிக்கறாரு. என்னைய எல்லாரும் பாக்கறாங்க. யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல. எனக்கு உங்க மேல அப்படி ஒரு பொறாமைங்க்கா."

வெளியே பந்தியில் யாரோ தேவகுமாரியைக் கூப்பிட்டார்கள். பாயசம் போதுமா, இன்னும் கொஞ்சம் வைக்கலாமா என்று கேட்க வேண்டுமாம். அவள் தாழைத் திறக்கவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அடிவயிற்றிலிருந்து மெதுவாக ஒரு குளிர்ச்சி ஏறியது. காலையில் அத்தனை கண்ணும் தன்மேல் இருந்தபோதுகூட இப்படி இல்லை.

சிவரஞ்சனியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"கடைசியாச் சொன்னியே, அதை இன்னொருக்கா சொல்லு கண்ணு" என்றாள்.