பாதித் தலை பாக்கி

கைராசிக்காரருக்குக் கை விழுந்துபோனதைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உலவியது. இத்தனை வருடமாக அடுத்தவன் தலைவலியையெல்லாம் விரலால் உறிஞ்சி எடுத்தாரே, அத்தனையும் போக இடமில்லாமல் அவர் தலைக்கே ஏறிவிட்டதாம். சொன்னவர்கள் எல்லாருமே அவரிடம் தலையைக் கொடுத்தவர்கள்தான். அதனால் கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடும் நிறைய ருசியோடும் சொன்னார்கள்.

விசாரித்துப் பார்த்தால், ஏறியது என்னவோ நிஜம். என்ன ஏறியது என்பதில்தான் தெருவுக்குக் கணக்குத் தப்பிவிட்டது.

ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, இவ்வளவுதான் அவருடைய சலூன். முடி வெட்டுவதில் ஆள் சுமார். காது தப்பினால் போதும் என்றுதான் உட்கார வேண்டும். ஆனால் வெட்டி முடித்துத் தலையைப் பிடித்துவிடுவார் பாருங்கள், அதற்காகவே முடி வளர்த்தவர்கள் உண்டு. வளர்க்க முடி இல்லாதவர்களும் வந்தார்கள். அந்த இரண்டு கைகளை நம்பித்தான் வீட்டில் உலை கொதித்தது.

அவருக்கே தலைவலி வந்தபோதுதான் சிக்கல். காலையில் எழுந்ததும் பின்மண்டையில் யாரோ ஆணி அடித்தார்கள்.

"குடுங்க, நான் பிடிச்சு விடறேன்" என்றாள் மனைவி.

"நீ பிடிச்சா வலி போகாது, உசுருதான் போகும்."

"அப்ப உங்க தலையக் கழட்டி மடியில வச்சு நீங்களே பிடிச்சுக்குங்க."

பக்கத்து மருந்துக்கடைக்காரர் வலி மாத்திரை கொடுத்தார். காசு வாங்க மாட்டார். வாரம் ஒருமுறை வந்து தலையை நீட்டுவார். "பிரஷர் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டிருக்க வேண்டிய வாய் அது. நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

பிறகு கண்ணாடியில் ஒரு ஆளுக்குப் பதில் ஒன்றரை ஆள் தெரிந்தார். கைராசிக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். இன்னொரு நாள், கழுத்தில் போர்த்திய வெள்ளைத் துணியில் சொட்டுச் சொட்டாய் ரத்தம். நாற்காலியில் இருந்தவர் அலறினார்.

"அண்ணே, காதை எடுத்துட்டீங்களா?"

"பயப்படாதப்பா, என் மூக்குதான். என்னோட ரத்தம்."

வந்தவருக்கு நிம்மதி. கைராசிக்காரருக்கும் ஏனோ நிம்மதிதான்.

மனைவி விடவில்லை, ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நர்ஸம்மா அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். கருவிதான் பொய் சொல்கிறது என்று வேறொன்றைக் கொண்டுவந்தார். அதுவும் அதையே சொன்னது. டாக்டர் எழுதிய மாத்திரையை நீட்டும்போது நர்ஸம்மா படித்துப் படித்துச் சொன்னார்:

"ஐயா, வலிச்சாலும் போடணும், வலிக்காட்டியும் போடணும். தலைவலி போனா பிரஷரும் போச்சுன்னு நினைக்காதீங்க. அது சத்தம் போடாம உள்ளேயே இருக்கும்."

கைராசிக்காரர் பலமாகத் தலையாட்டினார். ஊரார் தலையையெல்லாம் ஆட்டிப் பழகியவருக்கு அது ஒரு பெரிய வேலையா?

வலி போயிற்று. மாத்திரை அட்டை சீப்பு டிராயருக்குப் போயிற்று.

"இன்னைக்குப் போட்டீங்களா?"

"மழையே இல்ல. எவனாவது குடை பிடிப்பானா?"

"நனைஞ்சு வந்து நின்னா துவட்ட நான்தான் வரணும், ஞாபகம் இருக்கட்டும்."

அன்று காலையிலிருந்தே மண்டை பிளந்தது. அப்படி ஒரு வலியை அவர் அதுவரை பார்த்ததில்லை. டிராயரைத் திறந்து ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு மருந்துக்கடைக்காரரின் தலையில் கை வைத்தார். இடப்பக்கம் முடித்து வலப்பக்கம் வருவது அவர் முறை. வரவேண்டிய கை வரவில்லை.

"அந்தப் பக்கம்ணே" என்றார் மருந்துக்கடைக்காரர், கண்ணைத் திறக்காமல்.

பதிலாக வந்தது சொல் இல்லை, வெறும் குழறல். எதையோ மெல்லுகிறார் போலிருக்கிறது என்று இன்னொரு தரமும் கேட்டுப் பார்த்தார். பிறகு கண்ணைத் திறந்தார். கண்ணாடியில், அவர் தலைக்கு மேலே, ஒரு பக்கம் வாய் இறங்கிய முகம் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

உயிர் மிஞ்சியது. வலது கையும் பேச்சும் மிஞ்சவில்லை. "பாக்கலாம்" என்றார் டாக்டர். இனிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பதை மரியாதையாகச் சொல்லும் சொல். சலூன் நாற்காலியை யாரோ தூக்கிப் போனார்கள். மனைவி வீட்டு வேலைக்குப் போகிறாள். வந்ததும் அவர் கடைவாயில் வழிவதைத் துவட்டுகிறாள், ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல். குத்திக்காட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை. மாத்திரை மட்டும் இப்போது ஒரு வேளை தவறுவதில்லை.

மருந்துக்கடைக்காரர்தான் வாரம் தவறாமல் கொண்டுவந்து தருகிறார். போன தடவை வந்தபோது மனைவி வேலைக்குப் போயிருந்தாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்.

"எனக்கும் கொஞ்ச நாளா காலையில எந்திரிச்சா பின்மண்டை விண்ணு விண்ணுங்குதுண்ணே. தூக்கம் பத்தல போல. நம்ம கடை மாத்திரைதான், ரெண்டு போட்டா அடங்கிடுது."

கைராசிக்காரரின் கண்கள் விரிந்தன. இடது கையைத் தூக்கி அந்தத் தலையைக் காட்டினார். பிறகு, விழுந்து கிடந்த தன் வலக்கையை, நர்ஸம்மா பட்டை கட்டியதுபோலச் சுற்றி இறுக்கிப் பிடித்துக் காட்டினார். "பா... பா..." என்றார். மறுபடி தலையைக் காட்டினார், மறுபடி கையை.

மருந்துக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அட, அன்னைக்கு விட்ட அந்தப் பாதித் தலையையா சொல்றீங்க? அதைப் போயி இவ்வளவு நாள் மனசுல வச்சிருக்கீங்களே! அது எங்கண்ணே போகுது. கை சரியானதும் குடுங்க."

படியிறங்கும்போது பின்மண்டையைத் தடவிக்கொண்டே, சிரிக்க வைப்பதாக நினைத்து, திரும்பிச் சொன்னார்:

"ஆனா மறந்துடாதீங்க. வலப்பக்கம்தான் பாக்கி."