லொரெட்டாவின் சுத்தமான திரை

கூலமூன் சர்க்கரை ஆலையில் அரவை நின்ற மாதங்களில்தான் லொரெட்டா ஸப்பாலாவுக்கு வேலை. கரும்பைப் பிழியும் உருளைகளைக் கழற்றித் தாங்கிகளில் கிடத்தியிருப்பார்கள். உருளையின் நடுவே ஓடும் இரும்புத் தண்டின் முனையில் பசை தடவி, கருவியை அழுத்தி, காதுக்கு எட்டாத ஒலியை அவள் உள்ளே அனுப்புவாள். விரிசல் இருந்தால் எதிரொலி திரும்பும். ஆனால் தண்டின்மேல் இறுக்கிப் போர்த்திய வார்ப்பிரும்பு உறையும் கூடவே முணுமுணுக்கும்.

அந்த இரைச்சலைப் பிரிக்க அவளே ஒரு கணினி நிரல் எழுதினாள். குறைகள் எப்போதும் சிலதான் என்பது அதன் அடிப்படை. வந்த ஒலியை மிகச் சில எதிரொலிகளைக் கொண்டே விளக்கிவிட்டு, மீதியைத் துடைத்துவிடும். ரம்பத்தால் ஒரே ஒரு வெட்டுப் போட்ட பழைய தண்டில் அதைப் பழக்கியிருந்தாள். பலர் கோட்டைவிட்ட விரிசல்களை அது பிடித்தது. துடைத்த இரைச்சலைச் சேமித்து வைப்பது வீண் என்று அதையும் நிறுத்திவிட்டாள்.

இரண்டாம் அரவை இயந்திரத்தின் மேல் உருளையைச் சோதித்தபோது, தேநீர்க் கோப்பையோடு டெஸ் டோகோ வந்து நின்றான். அந்த இயந்திரத்துக்குக் கரும்பு ஊட்டுகிறவன் அவன். அவனுடைய கொள்ளுத்தாத்தாவைத் தூரத்துத் தீவு ஒன்றிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்ததே கரும்பு வெட்டத்தான்.

"என்ன டாக்டரம்மா, நம்ம கிழவிக்கு நாடி ஓடுதா?" என்று உருளையைத் தட்டினான்.

"உன்னைவிட நல்லா ஓடுது. நீதான் பீரைக் குறைக்கணும்."

"அப்போ இந்த வருஷமும் அவ என்னைவிட அதிகமா திம்பா."

நிரல் ஓடுமுன் திரையில், ஒரே ஆழத்தில், தண்டைச் சுற்றிலும் புல் முளைத்ததுபோல் மெல்லிய அசைவு தெரிந்தது. உறையின் முணுமுணுப்பாக இருக்கும் என்று எண்ணிப் பொத்தானை அழுத்தினாள். திரை சுத்தமானது.

அரவை உச்சத்தில் இருந்தபோது அந்தத் தண்டு முறிந்தது. யாருக்கும் அடியில்லை, ஆனால் வெட்டிய கரும்பு வண்டிப் பெட்டிகளிலேயே புளித்தது. அளவுக்கு மீறி ஊட்டியது டெஸ்தான் என்றது நிர்வாகம். சாட்சி லொரெட்டாவின் சுத்தமான திரை. காலங்காலமாக இந்த ஊரில் இயந்திரம் உடைந்தால் குற்றவாளியைக் கீழ்ப்படியில்தான் தேடுவார்கள்; இம்முறை தேடும் வேலைகூட மிச்சம்.

தண்டின் முறிந்த முகப்பை அவள் குனிந்து பார்த்தாள். பெரிய விரிசல் ஒன்றில் தொடங்கிய முறிவல்ல. கரும்புச்சாறு அரித்து, விளிம்பெங்கும் ரம்பப் பல்லாகச் சின்னச் சின்ன விரிசல்கள். ஒவ்வொன்றின் குரலும் பலவீனம். சிலவற்றை மட்டும் நம்பும் நிரல் அத்தனையையும் இரைச்சல் என்று துடைத்திருக்கிறது. குறைகள் பலவாக இருந்ததாலேயே ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறது.

டெஸ்ஸின் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள்.

"அப்போ என் மேல தப்பு இல்லேன்னு நாளைக்கே சொல்லிடு."

"வெறும் வாய்ச்சொல்லா சொன்னா சிரிப்பாங்க டெஸ். மிச்சத் துண்டை மறுபடி சோதிச்சு, நிரூபிச்சுட்டுச் சொல்றேன். திங்கட்கிழமை வரைக்கும் பொறு."

நிரூபிக்காத எதையும் அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது.

திங்களன்று போனால் தாங்கி காலியாக இருந்தது. துண்டைப் பழைய இரும்போடு உருக்காலைக்கு அனுப்பிவிட்டார்கள். மேலாளர் கீத் பிரானிகனிடம் விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"நண்பனுக்காகப் பேசறே, புரியுது. ஆதாரம் எங்கே?" என்றான் அவன்.

"என் திரைதான் தப்புன்னு நானே சொல்றேன், அது ஆதாரம் இல்லையா?"

"திரை சுத்தம்னு கையெழுத்துப் போட்டதும் நீதானே லொரெட்டா?"

டெஸ்ஸின் வேலை போயிற்று.

பிறகு மீன்கடை வாசலில் அவனைப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள்.

"நான் ஆதாரமா கேட்டேன்?" என்றான் டெஸ். "துண்டு தாங்கியில கிடந்தப்பவே வாயைத் திறந்திருந்தா, அதைத் தொட யாருக்காவது தைரியம் வந்திருக்குமா?"

பொரித்த மீன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டான்.

இப்போதெல்லாம் இரைச்சல் முழுவதையும் அவள் சேமிக்கிறாள். துடைக்குமுன் வெகுநேரம் பார்க்கிறாள். தேநீர் வேளையில் புதிதாகக் கரும்பு ஊட்ட வந்தவன் அவளைக் கடந்து போவான். உருளையின் நாடியைப் பற்றி எதுவும் கேட்கமாட்டான்.